மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையின்மேல் அமைந்த ஊர்களுள் ஒன்று புதூர்நாடு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் மலைநாடு அது. அங்கு வாழும் பிள்ளைகளுக்கு மலையின் இயல்பை நூல் கொண்டு விளக்க வேண்டுவதில்லை. எத்துணைப் பெருங்காற்று வீசினும் மலை அசையாது. மழை பொய்த்த காலத்தும் தன்னை அடைந்தாரை வெறுங்கையராய் அனுப்பாது. இவ்வியல்புகளை எண்ணியே பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியருக்கு மலையை உவமையாகக் கூறினார். அவர் மலையோடு நின்றாரல்லர். நிலத்தையும் துலாக்கோலையும் மலரையும் உடன் கூறினார். உழுவார் முயற்சிக்கு ஏற்பப் பயன் தரும் பொறுமை நிலத்துக்கு உரியது. ஐயம் நீக்கி நடுவு நிற்கும் தன்மை துலாக்கோலுக்கு உரியது. மென்மையும், யாவரும் விரும்பி ஏற்கும் இனிமையும் மலருக்கு உரியவை.

இந்நான்கும் ஒருங்கே பொருந்தியவரைக் காண்டல் அரிது. அத்தகைய அரியவருள் ஒருவர், ஆங்கில ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கி உலகப் புகழ் பெற்ற மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் ஆவர்.

இளமையும் கல்வியும்

சிற்றூரிலும் மலையூரிலும் பிறந்த பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் அச்சம் தருவதொன்று. தாயின் வாயில் கேளாத மொழி. தெருவில் ஒலியாத மொழி. அதனைப் பிழையின்றிப் பேசுதல் நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இயலும் என அவர்கள் எண்ணி மயங்குவர். அம்மயக்கம் தீர்வதற்குச் சாஸ்திரியாரின் இளமையே போதிய சான்றாகும்.

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் 1869-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வைதிகத் தொழிலினர், வடமொழி கற்றவர், பொருள் வளம் இல்லாதவர். அவ்வீட்டில் ஆங்கில நூல்கள் நிறைந்திருந்தன அல்ல. ஆங்கிலம் பேசுவோரும் வந்து சென்றாரல்லர். ஆயினும் கும்பகோணத்துப் பள்ளியிலும் அரசினர் கல்லூரியிலும் பயின்ற அம்மாணவர் ஆங்கிலத்தையும் வடமொழியையும் ஐயந்திரிபறக் கற்றுப் பட்டம் பெற்றார். நிலம் உழுவார் முயற்சிக்கு ஏற்ப விளைதல் போல, மொழியும் கற்பார் முயற்சிக்கு ஏற்பவே பயன் தரும். அது குலத்தையும் பொருளையும் நோக்குவதன்று.

ஆசிரியப் பணி

மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராய் இருந்த சாஸ்திரியார், பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார். அப்பொழுது அவர்க்கு வயது முப்பதும் நிரம்பவில்லை. சொல்லின் பொருளிலும் ஒலிப்பிலும் சிறு பிழையையும் பொறாதவர் என அவர் பெயர் பெற்றார். கற்பிப்போர் தனித்தனியே நின்று தளர்தல் ஆகாது என்று கருதி, ஆசிரியர்கள் ஒன்றுகூடிக் கலந்து ஆராய்வதற்குரிய சென்னை ஆசிரியர் சங்கம் தோன்றவும் உழைத்தார்.

அவர் கருத்து பள்ளிச் சுவர்களுக்குள் அடங்கி நிற்கவில்லை. குறைந்த ஊதியம் பெறும் குடும்பங்கள் கடைத்தெருவில் அதிக விலை கொடுத்தும், அளவில் ஏமாந்தும் வருந்துவதை அக்காலத்து அறிஞர் சிலர் கண்டனர். அதற்குப் பரிகாரமாக 1904-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பெற்றது. வாங்குவோரே உரிமையாளராய் அமைந்து, நேர்மையான விலைக்குப் பண்டம் பெறும் முறை அது. இந்தியக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒன்றாகிய அச்சங்கத்தைத் தோற்றுவித்தவருள் சாஸ்திரியார் முதன்மையானவர்.

ஆசிரியர் நட்ட மரத்தின் நிழலில் அவரைக் காணாதாரும் தங்குவர். சாஸ்திரியார் நீங்கிய பின்னர், 1922 முதல் 1925 வரை அதே இந்து உயர்நிலைப் பள்ளியில் சந்திரசேகர் என்னும் மாணவர் பயின்றார். விண்மீன்களின் வாழ்வையும் முடிவையும் ஆராய்ந்து 1983-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் அவரே. ஜவ்வாது மலையிலேயே காவலூரில் பெரிய வானாய்வு நிலையம் ஒன்று உள்ளது. அங்கு விண்ணை ஆராய்வோர் சந்திரசேகரின் நூல்களைக் கற்பது ஆங்கிலத்தின் வாயிலாகவே. ஒரு மொழியைச் செம்மையாகக் கற்பிக்கும் ஆசிரியர் திறந்து வைக்கும் வாயில் எத்துணைத் தொலைவுக்கு வழிகாட்டும் என்பதை இதனால் உணரலாம்.

தொண்டர் வாழ்வு

கோபால கிருஷ்ண கோகலே 1905-ஆம் ஆண்டு புனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அதில் சேர்வோர் சிறு படியைப் பெற்றுக்கொண்டு, தம் வாழ்நாளை நாட்டுக்கு ஒப்படைத்தல் வேண்டும். அதன் நோக்கங்கள் சாஸ்திரியாரின் உள்ளத்தைக் கவர்ந்தன. மதிப்பும் ஊதியமும் உடைய பணியைத் துறந்து, 1907-இல் அவர் அச்சங்கத்தில் சேர்ந்தார். அதுவரை பிறர்க்கு ஆசிரியராய் இருந்தவர் கோகலேயின் மாணவராய் அமர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்தபின் சங்கத்தின் தலைமை சாஸ்திரியாரைச் சேர்ந்தது.

1921-இல் இலண்டனில் நடைபெற்ற பேரரசு மாநாட்டில் அவர் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். பேரரசின் பிற நாடுகளில் குடியேறிய இந்தியர்க்குச் சமவுரிமை வேண்டும் என்று வாதாடினார். அவ்வாண்டிலேயே பிரிவி கவுன்சிலின் உறுப்பினராய் ‘மகாகனம்’ என்னும் சிறப்பையும் பெற்றார். மறு ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று அதே உரிமைக்காகப் பேசினார். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த இந்தியர்க்கு 1925-இல் வாக்குரிமை கிடைத்தது. அவர்தம் ஆங்கிலத்தின் தெளிவையும் இனிமையையும் வியந்து, ‘வெள்ளி நாவினர்’ என உலகம் அவரைப் போற்றிற்று. அந்நாவன்மை வலங்கைமானில் பிறந்து, வகுப்பறையில் பண்பட்டது என்பது நினைக்கத்தக்கது.

கடல் கடந்த கல்விப் பணி

1860 முதல் தமிழகத்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் தொழிலாளர் பலர் ஒப்பந்தக் கூலிகளாய்த் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்று, கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். அவர்தம் வழியினர் நிறவேற்றுமையால் பல கொடுமைகளுக்கு உள்ளாயினர். 1927-இல் இந்திய அரசாங்கத்தின் முதற் பிரதிநிதியாய்ச் சாஸ்திரியார் அந்நாட்டுக்கு அனுப்பப்பெற்றார்.

அவர் சொற்பொழிவுகளை வெள்ளையரும் திரளாக வந்து கேட்டனர். 1928-இல் கிளார்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் அவர் பேசிய கூட்டத்தைக் கலைக்கச் சிலர் கலகம் விளைத்தனர். வசைக்கு வசையும் கலகத்துக்குக் கலகமும் அவர் வழி அன்று. மலை போல் நிலைகுலையாது தம் பணியைத் தொடர்ந்தார்.

அந்நாட்டு இந்தியச் சிறுவர்க்கு உயர்கல்வி பெறுதல் அரிதாயிருந்தது. ஆசிரியப் பயிற்சி பெறவும் தக்க நிலையம் இல்லை. மனுக்கள் எழுதுவதோடு நின்றிருப்பின் சாஸ்திரியார் நல்ல அரசியலறிஞர் மட்டுமே ஆகியிருப்பார். அவரோ உள்ளத்தால் ஆசிரியர். ஆகவே கல்விக்கூடம் ஒன்று அமைக்கவேண்டும் என்று அங்குள்ள இந்தியரை ஊக்கினார். அவர்களும் மனமுவந்து பொருள் வழங்கினர். டர்பன் நகரில் எழுந்த அக்கல்விக்கூடம் 1929-இல் திறக்கப்பெற்றது. ‘சாஸ்திரி கல்லூரி’ என்பது அதன் பெயர். கூலிகளின் பேரர் என்று இகழப்பட்டோர் அங்குக் கற்று ஆசிரியராயும் வழக்கறிஞராயும் மருத்துவராயும் உயர்ந்தனர். அரசாங்கம் ‘சர்’ பட்டம் அளிக்க முன்வந்தபொழுது அதனை மறுத்த சாஸ்திரியாருக்கு, இதனினும் சிறந்த பட்டம் வேறு யாது உளது?

பெயர் மறைத்த பெருமை

சாஸ்திரியாரும் காந்தியடிகளும் 1869-ஆம் ஆண்டில் பத்து நாள் இடையிட்டுப் பிறந்தவர்கள், சாஸ்திரியாரே மூத்தவர். இருவரும் கோகலேயைக் குருவாகக் கொண்டவர்கள். எனினும் அரசியலில் இருவர் வழியும் வேறு. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தைச் சாஸ்திரியார் ஏற்றாரல்லர். தாம் பிழை எனக் கருதியதை வெளிப்படையாகவே கூறினார். அதனால் நாட்டு மக்கள் பலருடைய வெறுப்புக்கும் ஆளானார். ஆயினும் அவர்தம் நட்பில் குறைவு நேரவில்லை. காந்தியடிகள் அவரைச் சகோதரர் என்றே விளித்துக் கடிதம் எழுதிவந்தார்.

காந்தியடிகள் குஜராத்தி மொழியில் எழுதிய தம் வரலாற்றை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பின் திருத்திய பதிப்பு 1940-இல் வெளிவந்தது. ஆங்கிலப் புலமையால் புகழ் பெற்ற நண்பர் ஒருவர் அதனைக் கவனமாகப் பார்த்துத் திருத்தினார் என்றும், தம் பெயரை வெளியிடுதல் கூடாது என்னும் நிபந்தனையோடே அவர் அப்பணியை ஏற்றார் என்றும் முன்னுரையில் மகாதேவ தேசாய் குறித்தார். அந்நண்பர் சாஸ்திரியாரே என்பது பின்னாளில் வெளியாயிற்று.

இச்செயல் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. தம் கொள்கைக்கு மாறுபட்டவருடைய நூல் அது. உலகமெல்லாம் படிக்கப்போகும் நூல். அதன் மொழியைச் செப்பம் செய்தவர் என்னும் புகழை எவரும் விரும்புவர். சாஸ்திரியாரோ வகுப்பில் மாணவன் எழுதிய ஏட்டைத் திருத்தும் ஆசிரியர் போலத் திருத்திக் கொடுத்து, ஒதுங்கி நின்றார். மாணவன் ஏட்டில் ஆசிரியர் தம் பெயரைப் பொறிப்பதுண்டோ? ஏடு செம்மையுற்றால் அதுவே அவர்க்குப் போதும். கருத்தில் மாறுபட்டபொழுது மறையாமல் கூறியதும், மொழியில் உதவியபொழுது மறைந்து நின்றதும் ஒரே துலாக்கோலின் இரு தட்டுகளாம்.

நிறையைக் கூறுங்கால் மாறுபாட்டையும் மறைத்தல் ஆகாது. 1940-இல் அறிவியற் கலைச்சொற்களை ஆராயச் சென்னை அரசாங்கம் சாஸ்திரியாரைத் தலைவராகக் கொண்டு குழு ஒன்றை அமைத்தது. வடசொற்களுக்கு மிகுதியாக இடம் தரப்படும் என்று தமிழறிஞர் பலர் அதனை எதிர்த்தனர். தாய்மொழியின் ஆற்றலை முழுதும் நம்பிய அவ்வறிஞர் காட்டிய வழியையே பிற்காலத் தமிழுலகம் பெரிதும் பின்பற்றியது. பெரியோர் கருத்தையும் ஆராய்ந்தே கொள்ளுதல் வேண்டும். சாஸ்திரியார் வாழ்ந்து காட்டிய நெறியும் அதுவே.

இறுதி நாட்கள்

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய் இருந்து சாஸ்திரியார் மீண்டும் மாணவரிடையே வாழ்ந்தார். 1944-இல், எழுபத்து நான்கு வயதில், இராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் முப்பது சொற்பொழிவுகள் ஆற்றினார். உடல் தளர்ந்த காலத்தும் கற்பிக்கும் வேட்கை தளரவில்லை.

1946-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னைக்கு வந்த காந்தியடிகள், மருத்துவமனையில் நோயுற்றிருந்த தம் நண்பரைத் தேடிச் சென்று கண்டார். கால் நூற்றாண்டு கருத்து மாறுபட்ட இருவர், அன்பில் மாறாதவராய்ச் சந்தித்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார்.

மொழிப்பயிற்சி என்பது சொற்களை அடுக்கக் கற்பது மட்டுமன்று. எண்ணியதை எண்ணியவாறு, மிகையும் குறையும் இன்றிச் சொல்லும் வாய்மைப் பயிற்சியும் அதுவே. பிறர் பிழையைத் திருத்துங்கால் அவர் மனம் நோவாமையும், தம் பெருமை தோன்றாமையும் அதன் முடிந்த பயன்களாம். புதூர்நாட்டில் ஆங்கில எழுத்தை முதன்முதல் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும், அக்குழந்தையின் பிழையைப் பொறுமையோடு திருத்தும் ஆசிரியருக்கும் சாஸ்திரியாரின் வாழ்வு உறுதுணையாகும். உயர்ந்த மலையிலும் ஏறுவதற்கு வழி உண்டு. முன் நடந்து வழி காட்டுவோரே நல்லாசிரியர்.