லாக் புக்கை நிரப்பக் கணினி எவ்வளவு உதவும்?

2019-இல் திறன் அடிப்படையிலான எம்பிபிஎஸ் பாடத்திட்டம் வந்ததிலிருந்து லாக் புக் கட்டாயம். திறன் எண், தேதி, முதல் முயற்சியா மறுமுயற்சியா, மதிப்பீடு, ஆசிரியரின் சுருக்கொப்பம் என்று வரிக்கு வரி கட்டங்கள். போஸ்டிங்கின் கடைசி நாளில் துறை வாசற்படியில் உட்கார்ந்து அத்தனையையும் ஒரே பேனாவில் நிரப்பும் மாணவர்களைப் பார்க்காத ஆசிரியர் இருக்க முடியாது. நோயாளியைப் பார்த்தது உண்மைதான், தேதிகள்தான் கற்பனை.

மருத்துவமனைக் கணினியில் ஏற்கெனவே இருப்பதை எதற்கு மறுபடி கையால் எழுத வேண்டும் என்று எங்கள் துறையில் கேட்டுக்கொண்டு, லாக் புக்குக்கான கேஸ் பட்டியலை அதிலிருந்தே எடுக்கத் தொடங்கினோம். இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு.

மாணவருக்குத் தனி லாகின் இல்லையென்றால் இதைத் தொடவே வேண்டாம். பிஜியின் பாஸ்வேர்டில் நுழைந்து எழுதினால் கேஸ் எல்லாம் பிஜி கணக்கில் சேரும்; யார் எதைத் திறந்தார்கள் என்பதும் குழம்பிவிடும். மருந்து எழுத வழியில்லாத, ‘மாணவர் குறிப்பு’ என்று தனியே நிற்கிற ஒரு பக்கம் போதும்.

கேஸ் ஷீட்டைத் திறந்ததையெல்லாம் ‘பார்த்த கேஸ்’ என்று எண்ணாதீர்கள். ரவுண்ட்ஸுக்கு முன்பே வார்டு முழுவதையும் திறந்து படிக்கிற சுறுசுறுப்பான பிள்ளைக்கு ஒரே காலையில் முப்பது கேஸ் ஏறிவிடும். குறிப்பு எழுதி, யூனிட் ஆசிரியர் படித்து ஒப்புதல் தந்தால்தான் கணக்கு.

நாங்கள் அதிகம் மல்லுக்கட்டியது நோய்க் குறியீட்டோடுதான். ஐசிடி-10 குறியீடு டிஸ்சார்ஜ் நேரத்தில்தான் ஏறுகிறது. மாணவி பார்த்தது பல நாள் காய்ச்சலோடு வந்த ஒரு அம்மாவை. அக்குளில் இருந்த கருத்த பொருக்கைக் கண்டுபிடித்ததும் அவள்தான். பட்டியலில் வருவதோ ஏ75.3, ஸ்க்ரப் டைஃபஸ். அவள் காய்ச்சல் நோயாளியிடம் ஹிஸ்டரி எடுத்தாள் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? ஆகவே வந்தபோது சொன்ன தொந்தரவு, கடைசியில் முடிவான நோய் இரண்டையும் தனித்தனியாக எடுக்கச் சொன்னோம். தொந்தரவைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். இல்லாவிட்டால் ‘ஃபீவர்’, ‘பைரெக்ஸியா’, ‘காய்ச்சல்’ மூன்றும் மூன்று நோயாகிவிடும்.

கையால் செய்கிற வேலைகளில் கணினிப் பதிவை நம்ப முடியாது. வென்ஃப்ளான் போட்டது செவிலியர் பெயரில் இருக்கும், பிரசவம் பார்த்தது பணி மருத்துவர் பெயரில் இருக்கும். பக்கத்தில் நின்று கைகொடுத்த மாணவர் எங்குமே இருக்கமாட்டார். இதை மாணவரே அன்றன்று பதிய வேண்டும், மேற்பார்த்தவர் அன்றே ஒப்புக்கொள்ள வேண்டும். வாரக் கடைசியில் கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்?

லாக் புக்குக்குப் போகிற வரியில் பெயர், ஐபி எண், செல்பேசி எண், 14 இலக்க ஆபா எண் எதுவும் வேண்டாம். அரிய நோயென்றால் வயதும் ஊரும் சேர்ந்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும். பட்டியலை எக்செல்லாக இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அது வந்திராவிட்டாலும் இது நம் பொறுப்புதான்.

நிரம்பிய கட்டங்களைவிடக் காலிக் கட்டங்களே எங்களுக்கு அதிகம் பயன்பட்டன. கோடையில் மெடிசின் போஸ்டிங் முடித்த பேட்ச்சில் பலர் டெங்குவையே பார்த்ததில்லை என்பது பட்டியலில் பளிச்சென்று தெரிந்தது. வடகிழக்குப் பருவமழையோடு காய்ச்சல் வார்டு நிறைந்தபோது அவர்களை மாலையில் வரச் சொன்னோம். சர்ஜரி போஸ்டிங் நேரத்தில் இதென்ன என்று அந்தத் துறை முதலில் முனகியது. பிறகு ஹெர்னியாவையே பார்க்காத பிள்ளைகளின் பட்டியலோடு அவர்களே எங்களிடம் வந்தார்கள்.