இராமானுஜன் விட்ட ஓர் எண்

கேள்வி: ஐயா, படிவம் ஐந்தில் படிக்கும் என் மகன் 6,746,328,388,800 என்று எழுதிக் காட்டி, "இது இராமானுஜன் எண்" என்கிறான். 1729தானே அவர் எண்? இதில் என்ன இருக்கிறது?
– வாசகர், பண்டமாரான்

பதில்: மகன் சொல்வதும் சரிதான், அம்மா. முதலில் 60 லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு பேர் என்று யார் வந்தாலும் உடைக்காமல் பங்கிடலாம். 60க்கு 12 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் மிஞ்சுபவற்றை இராமானுஜன் ஆராய்ந்தார். கட்டுரை 1915இல் லண்டன் கணிதக் கழக இதழில் வந்தது; 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டத்தையும் பெற்றுத் தந்தது.

உங்கள் மகனின் எண் அவருடைய பட்டியலில் கடைசி. பகா எண்களாகப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. அடுக்குகள் எங்கும் ஏறாமல் வருவதைப் பாருங்கள். இவ்வகை எண்கள் எல்லாமே அப்படித்தான். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் காரணிகள் 10,080. ஒரு வாரத்துக்கும் அத்தனை நிமிடங்கள்தான்!

கணினி இல்லாத காலத்தில் போட்ட அந்த நீண்ட பட்டியலில் ஒரே ஓர் எண் விடுபட்டது: 293,318,625,600. அதை 23ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மகன் காட்டிய எண்ணே வரும்.