பிள்ளையின் மாதிரிப் புத்தகமும் நமது பொறுப்பும்

புடைவைக் கடைக்கு ஓடர் எடுக்க வரும் மொத்த வியாபாரி வெறுங்கையோடு வருவதில்லை. துணித் துண்டுகள் ஒட்டிய மாதிரிப் புத்தகத்தோடுதான் வருகிறார். நாமும் அவருடைய பேச்சை நம்பி அல்ல, துணியைத் தொட்டுப் பார்த்தே ஓடர் கொடுக்கிறோம். கிரபிக் டிசைனிங் படிக்கும் பிள்ளைக்கும் இப்படியொரு மாதிரிப் புத்தகம் வேண்டும். அதைத்தான் ‘போர்ட்போலியோ’ என்கிறார்கள்.

“படம் கீறிச் சம்பாதிக்க முடியுமா?” என்று தகப்பன்மார் கேட்பது நியாயமே. ஆனால் பாடநெறிக்குப் பணம் கட்டிவிட்டு, சான்றிதழ் கிடைத்தால் தொழிலும் கிடைத்துவிடும் என்று இருந்துவிடுவதுதான் நட்டம். வேலை கொடுப்பவர் சான்றிதழைப் பார்ப்பார். அதைவிடக் கவனமாகப் பிள்ளை செய்த வேலையைப் பார்ப்பார்.

எதை வைப்பது?

8 முதல் 12 வேலைகள் போதும். சுமாரான முப்பதை அடுக்கினால், பார்ப்பவர் அதில் மட்டமானதை வைத்தே பிள்ளையை எடைபோடுவார். மிகச் சிறந்ததை முதலில் வைக்க வேண்டும். அதற்கடுத்த சிறந்ததைக் கடைசியில் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் கீழே நான்கு விடயங்களைச் சுருக்கமாக எழுத வேண்டும். யாருக்காகச் செய்தது? அவருடைய தேவை என்ன? இந்த நிறத்தையும் எழுத்தையும் ஏன் தெரிவு செய்தேன்? இதில் என் பங்கு எவ்வளவு? பென்சிலால் கீறிய முதல் வரைவையும் சேர்த்தால், பிள்ளை யோசித்து வேலை செய்வது தெரியவரும்.

கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில் இருக்கும் நம் கம்பளையில் சிங்களம், தமிழ் பேசும் எல்லாச் சமூகத்தவரும் வாடிக்கையாளர்கள். ஆகவே ஒரே பெயர்ப்பலகையை சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அமைத்த வேலை ஒன்றாவது புத்தகத்தில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் சிறிதாக அடங்கும் பெயர் தமிழில் நீண்டுவிடும். சிங்கள எழுத்துக்கு மேலும் கீழும் இடம் விட வேண்டும். இந்தக் கணக்குத் தெரிந்த பிள்ளைக்கு இங்கே வேலை உண்டு.

அச்சகத்தின் பாஷையும் தெரிந்திருக்க வேண்டும். கணினித் திரையில் மின்னும் நிறம், சியான், மெஜெண்டா, மஞ்சள், கறுப்பு என்ற 4 மைகளில் அச்சிடும்போது மங்கக்கூடும். கையில் பிடித்துப் பார்க்கும் அச்சு வேலைகளுக்குப் படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளி இருப்பது வழக்கம். வெட்டும் ஓரத்துக்குச் சுற்றிவர 3 மில்லிமீற்றர் கூடுதலாக விட வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பை அனுப்புமுன் எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றி, பீ.டி.எஃப் ஆக்கிக் கொடுப்பது பாதுகாப்பானது.

மேலே நல்லது, கீழே ஈரம்

மதீனாச் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவத்தை நாம் ஜும்ஆப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்ததை மேலே வைத்து மக்களுக்குக் காட்டியிருக்க வேண்டும் என்பதே அங்கு சொல்லப்பட்ட பாடம். போர்ட்போலியோவுக்கும் இது பொருந்தும். இணையத்தில் எடுத்த படத்தைத் தன்னுடையது என்று வைப்பதும், நண்பர்கள் சேர்ந்து செய்ததைத் தனியே செய்ததாகக் காட்டுவதும் ஈரத்தை மறைப்பதுதான். கற்பனைக் கடைக்குச் செய்த இலச்சினை என்றால் ‘பயிற்சி’ என்று எழுதிவிட வேண்டும். அதில் வெட்கமில்லை.

சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் அடுத்தவர் வரைந்ததைப் பாதுகாக்கிறது. அதே சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், ஓடர் கொடுத்துச் செய்வித்த வேலையின் பொருளாதார உரிமை ஓடர் கொடுத்தவருக்கே சேரும். எனவே கடைக்குச் செய்த வேலையைப் புத்தகத்தில் வைக்க முதலாளியின் அனுமதியை எழுத்தில் பெறுவது நல்லது.

நாம் செய்ய வேண்டியது

பயிற்சிப் படம் இருபதைவிட, உண்மையான கடையொன்றுக்குச் செய்த ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் பெறுமதியானது. அந்த முதல் வேலையை நம்மால் கொடுக்க முடியும். விசிட்டிங் காட், விலைப் பட்டியல், பெருநாள் மலிவு விற்பனைத் துண்டுப்பிரசுரம் எதுவானாலும் சரி. தேவையைத் தெளிவாகச் சொல்லுங்கள். கூலியை முன்கூட்டியே பேசுங்கள். எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். “நம்ம பிள்ளைதானே” என்று இலவசமாகச் செய்வித்துக்கொள்வது உதவியல்ல. வீட்டிலிருந்தே வேலை செய்ய விரும்பும் நம் பெண்பிள்ளைகளுக்கும் இதே வழி திறந்திருக்கிறது.

முறையாகப் படிக்காமல் வேலை செய்தே பழகிய பிள்ளைக்கும், முன்னனுபவத்தை மதிப்பிட்டு என்.வீ.கியூ. சான்றிதழ் வழங்கும் முறை நம் நாட்டில் உண்டு. அங்கும் செய்த வேலைக்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

அடுத்த முறை பில் புத்தகம் முடியும்போது பழைய மாதிரியையே அச்சகத்துக்கு அனுப்பாமல், தெருவில் இருக்கும் அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். கடைக்குப் புதிய பில் புத்தகம் கிடைக்கும். பிள்ளையின் மாதிரிப் புத்தகத்தில் முதல் பக்கம் நிரம்பும், இன்ஷா அல்லாஹ்.