பதினோராவது சட்டை
(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

எங்கள் வகுப்பறையின் பின்சுவரில் ஒரு சித்திரம் தொங்குகிறது. நான்கடி நீளம், மூன்றடி உயரம். அதில் கடலும் வானமும், பதினோரு அன்னங்களும், பதினோரு சிறிய சட்டைகளும் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "பதினோராவது சட்டைக்கு மட்டும் ஏன் ஒரே ஒரு கை?" அதற்கு விடை சொல்லவும், இதுபோன்ற சித்திரம் செய்ய விரும்பும் தங்கைகளுக்கு வழி சொல்லவும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கதையும் அதை எழுதியவரும்

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் டென்மார்க் நாட்டில் ஓடென்சே என்னும் ஊரில் 1805ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர். தாய் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துப் பிழைத்தவர். ஏழ்மையில் வளர்ந்த இவர் 1835ஆம் ஆண்டு முதல் எழுதி வெளியிட்ட தேவதைக் கதைகள் உலகெங்கும் பரவின. இவர் பிறந்த நாளையே 1967ஆம் ஆண்டு முதல் அனைத்துலகக் குழந்தைகள் நூல் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆண்டர்சனுக்கு இன்னொரு திறமையும் இருந்தது. கதை சொல்லிக்கொண்டே காகிதத்தை மடித்துக் கத்தரிக்கோலால் வெட்டுவார். பிறகு அதை விரித்தால் அன்னமும் அரண்மனையும் நாட்டியப் பெண்களும் தோன்றுவார்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்ட கதை, 1838ஆம் ஆண்டு வெளிவந்த 'காட்டு அன்னங்கள்'. எலிசா என்னும் அரசகுமாரிக்குப் பதினோரு அண்ணன்மார். மாற்றாந்தாய் அவர்களை அன்னங்களாக மாற்றிவிடுகிறாள். பகலெல்லாம் அன்னங்கள், கதிரவன் மறைந்தபின் மனிதர்கள். அவர்களை மீட்க ஒரே வழிதான் உண்டு. கொட்டும் செடியான நெட்டிலை எலிசா வெறுங்கையால் பறித்து, வெறுங்காலால் மிதித்து, நார் எடுத்து, பதினோரு சட்டைகள் பின்ன வேண்டும். முடிக்கும் வரையில் ஒரு சொல்லும் பேசக் கூடாது. பேசினால் அண்ணன்மார் இறந்துபோவார்கள். ஓர் அரசன் அவளைக் கண்டு மணந்துகொள்கிறான். ஆனால் அவள் இரவில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நெட்டில் பறிப்பதைக் கண்டவர்கள் அவளைச் சூனியக்காரி என்கிறார்கள். அவளோ வாய் திறக்கவில்லை. எரிப்பதற்காக வண்டியில் ஏற்றிச் செல்லும்போதும் பின்னிக்கொண்டே போகிறாள். கடைசி நொடியில் அன்னங்கள் வந்து சூழ, சட்டைகளை அவற்றின்மேல் வீசுகிறாள். எல்லாரும் மனிதர்களாகிறார்கள். ஆனால் கடைசிச் சட்டையில் ஒரு கை முடியாமல் இருந்ததால், இளைய அண்ணனுக்கு ஒரு கைக்குப் பதிலாக அன்னத்தின் சிறகே நின்றுவிடுகிறது.

எங்கள் முதல் தவறு

கைவேலை வகுப்பில் எங்கள் குழுவில் பதினொரு பேர் இருந்தோம். ஆளுக்கொரு சட்டை என்று முடிவு செய்ததும் கடைக்கு ஓடினோம். வெல்வெட் துணி, ஜிகினா, வண்ணக் காகிதம் எல்லாம் வாங்கினோம். இரண்டே நாளில் பாதிச் சித்திரம் பளபளவென்று முடிந்துவிட்டது. சிஸ்டர் வந்து சிறிது நேரம் பார்த்தார்கள். "அழகாக இருக்கிறது, பிள்ளைகளே. ஆனால் எலிசாவின் கை கொப்புளித்ததே, அது இதில் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை நூலகத்தில் தேடிப் படித்தோம். பல பொருள்களை ஒட்டி அமைக்கும் சித்திரத்தைக் கொலாஜ் என்பர். ஒட்டுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1912ஆம் ஆண்டு பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னலைத் தூரிகையால் தீட்டாமல், அந்தப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியையே ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். பொருளே பேசவேண்டும் என்பதுதான் இக்கலையின் கருத்து. எங்கள் ஜிகினா ஒன்றும் பேசவில்லை. அதைப் பிரித்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்கினோம்.

நாரைத் தேடி

நெட்டிலின் தண்டிலும் இலையிலும் நுண்ணிய முட்கள் உண்டு. தொட்டதும் கண்ணாடி போல முனை உடைந்து, எரிச்சல் தரும் நீர் தோலுக்குள் இறங்கும். நம் ஊர்ச் செந்தட்டி வேறு குடும்பத்துச் செடியானாலும் இப்படித்தான் அரிக்கும். ஆனால் கொட்டுகிற நெட்டிலின் தண்டிற்குள்ளேயே உறுதியான நாரும் இருக்கிறது. ஆண்டர்சன் பிறந்த அதே தீவில், ஏறக்குறைய 2,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைமேட்டில் கிடைத்த துணி நெட்டில் நாரால் நெய்யப்பட்டது என்று அறிஞர்கள் 2012ஆம் ஆண்டு அறிவித்தார்கள். கதையில் வரும் சட்டை வெறும் கற்பனையல்ல என்று அறிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

நமக்கு நெட்டில் வேண்டாம். நம்மைச் சுற்றி நார் குறைவா? பதினோரு சட்டைக்குப் பதினோரு பொருள்கள் என்று தீர்மானித்தோம். வாழை நார், கற்றாழை நார், தேங்காய் நார், பனையோலை, தாழையோலை, கோரைப்புல், வைக்கோல், சோளத்தட்டை, தென்னம் பன்னாடை, அரச இலையின் நரம்பு, புளிச்சை நார் ஆகியவையே அவை. பன்னாடையைப் பாருங்கள்: தறியே இல்லாமல் இயற்கை நெய்த துணி அது!

செய்முறை

1. வாழைப்பட்டையின் சதையை மழுங்கிய கத்தியால் ஒரே திசையில் வழித்தால் நார் நிற்கும். அதை நிழலில் உலர்த்த வேண்டும்.

2. அரச இலையை மூன்று நான்கு வாரம் நீரில் ஊறவிட்டு, அவ்வப்போது நீரை மாற்ற வேண்டும். பிறகு மென்மையான பிரஷ்ஷால் தடவினால் பச்சை கழன்று நரம்பு வலை மட்டும் மிஞ்சும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும். நாங்கள் ஆறு இலைகளைக் கிழித்த பிறகே பொறுமை கற்றோம்.

3. புளிச்சைத் தண்டுகளைப் பத்துப் பதினைந்து நாள் நீரில் மூழ்கவைத்தால் பட்டை தானே கழலும். நாற்றம் பொறுக்க முடியாது; பொறுத்தவர்க்கு வெள்ளிபோல் நார் கிடைக்கும்.

4. மைதாப் பசை காய்ச்சும்போது சிறிது மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. துத்தம் நஞ்சு, பெரியவர்கள் முன்னிலையிலேயே இதைச் செய்ய வேண்டும். கையை நன்றாகக் கழுவ வேண்டும்.

5. பலகையின்மேல் காடாத்துணியை இழுத்து ஒட்டி, முதலில் வானத்தையும் கடலையும் நீர்வண்ணத்தால் தீட்டுக. அது நன்கு உலர்ந்தபின் தட்டையான பொருள்களையும், கடைசியில் புடைப்பானவற்றையும் வைக்க வேண்டும். கனமானவற்றை ஊசி நூலால் தைப்பதே நல்லது. ஈரமான எதையும் ஒட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

6. அன்னங்களை ஆண்டர்சன் முறையிலேயே, வெள்ளைக் காகிதத்தை இரண்டாக மடித்து வெட்டினோம். அப்போதுதான் இரு சிறகும் ஒத்திருக்கும்.

இனி அந்தக் கேள்வி

இதை எங்கள் தோழியின் அனுமதியோடு எழுதுகிறோம்.

புளிச்சை நார்ச் சட்டை அவள் பொறுப்பில் இருந்தது. கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் மாலையில் எங்களோடு தங்குவதை நிறுத்திவிட்டாள். மணி அடித்ததும் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாள். "உன் சட்டை எங்கே?" என்று கேட்டால் தலை குனிவாளேயன்றி ஒன்றும் சொல்லமாட்டாள். நாங்கள் அவளை வேலைக்கள்ளி என்றோம். அவள் காதில் விழும்படியே சொன்னோம். வேலைப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே 'இவளை நம்பிப் பயனில்லை' என்று எழுதினோம். பதினோராவது சட்டையையும் வாழை நாரிலேயே செய்துவிடலாம் என்று பேசி முடித்தோம்.

கண்காட்சிக்கு முதல் நாள் காலை அவள் பள்ளி வாசலில் நின்றாள். பக்கத்தில் அவளுடைய சின்னத் தம்பி ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிரித்தால், சட்டை! எங்கள் பத்துச் சட்டைகளிலும் அதுபோல் நெருக்கமான பின்னல் இல்லை. ஒரு கை மட்டும் இல்லை.

"அக்கா ஆஸ்பத்திரியில அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல உட்கார்ந்து ராத்திரியெல்லாம் பின்னினாங்க. நேத்து நார் தீர்ந்துபோச்சு" என்று தம்பி சொன்னான். அவள் அவன் வாயைப் பொத்தினாள். அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தோம்.

மூன்று வாரமாக அவள் தாயார் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். விடியற்காலையில் தம்பிக்குச் சமைத்து வைத்துவிட்டு அவள் பள்ளிக்கு வந்திருக்கிறாள். நாங்கள் ஒருத்திகூட "உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்கவில்லை. எலிசாவின் கதையை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த நாங்கள், அவளைச் சூனியக்காரி என்று கூவிய கூட்டத்தில்தான் நின்றிருந்தோம்.

"மன்னித்துக்கொள்" என்றோம். மீதிக் கையை நாங்கள் பின்னித் தருவதாகவும் சொன்னோம். அவள் யோசித்துவிட்டு, "வேண்டாம். கதையிலும் அப்படித்தானே இருக்கிறது?" என்று சிரித்தாள். சட்டையைத் தானே சித்திரத்தில் தைத்தாள்.

இல்லாத கையின் இடத்தில் ஒரு வெள்ளைச் சிறகு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது நாங்கள் அவளைப் பற்றி எழுதிய அந்தப் பட்டியல் தாளிலிருந்து வெட்டியது. எழுத்து உள்பக்கம் இருக்கும்படி ஒட்டியிருக்கிறோம்.

அவள் தாயார் நலமடைந்து பெற்றோர் தின விழாவுக்கு வந்தார். சித்திரத்தின் முன் நெடுநேரம் நின்று, எல்லாரும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார். நாங்கள் பத்துப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு உண்மையைச் சொன்னோம்.

தங்கைகளே, நீங்களும் ஒரு கதையை எடுங்கள். தோட்டத்தில் உதிர்ந்ததைப் பொறுக்குங்கள். பொறுமையாக உலர்த்தி ஒட்டுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் பேசாமல் இருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் மறவாதீர்கள்.