சதுர வைரம் வாங்குமுன்…

மகளின் மோதிரத்துக்கென்று கடைக்காரர் தட்டில் வைக்கும் சதுர வைரங்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் வெட்டு வேறு. கோயில் குளத்தை மேலிருந்து பார்ப்பதுபோல், பட்டைகள் படிப்படியாக உள்ளிறங்கினால் அது படிவெட்டு. அதில் மூன்று வகை உண்டு.

1. காரே: நான்கு மூலையும் கூர். சிறு கற்களை இடைவெளியின்றி வரிசையாகப் பதிக்க ஏற்றது. இரும்பானாலும் வைரமானாலும் கூர்மூலைதான் முதலில் பழுதாகும். ரயில்வேயில் நான் கற்ற பாடம் இது.

2. சதுர எமரால்டு: மூலைகள் சற்றே வெட்டப்பட்டவை, மேல்முகம் அகலம்.

3. ஆஷர்: 1902இல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் உருவாக்கியது. மூலைவெட்டு அகலமாதலால் ஏறக்குறைய எண்கோணம். மேல்முகம் சிறியது, ஆழம் அதிகம். ஆகவே எடைக்கேற்ற அகலம் தெரியாது.

ஜி.ஐ.ஏ. சான்றிதழில் ஆஷர் கல்லையும் ‘சதுர எமரால்டு’ என்றே குறிப்பார்கள். எனவே பெயரை மட்டும் நம்பாமல், மூலைகளைப் பாருங்கள்.

பிரின்சஸ் வெட்டும் சதுரமே. ஆனால் படிவெட்டு அல்ல. அதன் மினுமினுப்பில் சிறு தோஷம் மறைந்துவிடும். படிவெட்டோ கண்ணாடி ஜன்னல்; உள்ளிருக்கும் புள்ளியைக் காட்டிக்கொடுக்கும். பத்து மடங்கு லென்ஸைக் கேட்டு வாங்கி, மேல்முகத்தின் நடுவே பாருங்கள். பெரிய கல்லைவிடச் சுத்தமான கல்லே மேல்.