மாத்திரையை நிறுத்தாதீர்கள்

மருந்து கொடுக்கும் ஜன்னலில் நிற்கும் எனக்கு இந்தப் பேச்சு காதில் விழாத வாரமே இல்லை: "வைரல் லோடு டெஸ்டில் ஒன்றும் தெரியவில்லை. எச்.ஐ.வி. போய்விட்டது. இனி மாத்திரை எதற்கு?"

போகவில்லை. எத்தனை முறைதான் சொல்வது?

அந்தப் பரிசோதனை இரத்தத்தில் மிதக்கும் வைரஸை மட்டுமே எண்ணும். எச்.ஐ.வி.யோ சி.டி.4 எனும் நோய் எதிர்ப்பு அணுக்கள் சிலவற்றின் மரபணுவுக்குள்ளேயே தன்னைச் செருகிக்கொண்டு உறங்கிக் கிடக்கிறது. கூட்டு மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்குமே தவிர, உறங்கும் அந்த வைரஸைத் துடைத்தெடுக்காது. மருந்தை விட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே அது திரும்பிவிடும். "நிறுத்தி ஆறு மாதமாச்சு, நல்லாத்தானே இருக்கேன்" என்று வாதாடுகிறார்கள். சி.டி.4 குறைந்தால் உடம்பு வலிக்காது ஐயா! காசநோய் வந்து படுத்த பிறகுதான் தெரியும்.

இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 33 நாடுகளில் 5,472 பேர் பங்கேற்ற ‘ஸ்மார்ட்’ ஆய்வில், சி.டி.4 நன்றாக இருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு மருந்தை இடையிடையே நிறுத்தினார்கள். அவர்களிடம் கடும் நோயும் சாவும் இரு மடங்குக்கும் மேல் போனதால், 2006-இல் அந்த முறையையே கைவிட நேர்ந்தது.

விட்டு விட்டுப் போடுவதும் ஆபத்துதான். 1987-இல் ஜிடோவுடின் தனி மருந்தாக வந்தபோது, வைரஸ் உருமாறி அதற்கு அடங்காமல் போனது. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் சாவு சரிந்தது. இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், தினம் ஒரு வேளை. இரத்தத்தில் மருந்து அரைகுறையாக இருக்கும்போது பெருகும் வைரஸ், அதே மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்ளும். ஹெபடைடிஸ் பி கிருமியும் உள்ளவர் திடீரென நிறுத்தினால் கல்லீரலே கெட்டுப்போகலாம். இதே மாத்திரைதான் அதையும் அடக்கி வைத்திருக்கிறது.

லேகியம் எச்.ஐ.வி.யை முழுசாகக் குணமாக்குமா? ஆக்காது. கர்ப்பிணி மாத்திரை போடக் கூடாதா? போட்டால்தான் குழந்தைக்குத் தொற்றாமல் காக்க முடியும். மருந்து போட்டாலும் மனைவிக்குத் தொற்றுமா? வைரஸ் தெரியாத அளவிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றாது. சென்னையிலும் நடந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று, உடனே மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைவதை 2011-இலேயே காட்டியது. ஆனால் இதெல்லாம் மாத்திரையைத் தவறாமல் போடுகிறவர்களுக்குத்தான்.

நிறுத்துகிறவர்கள் எல்லோரும் வதந்தியை நம்பி நிறுத்துவதில்லை. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோதே தாம்பரம் மருத்துவமனை அதில் இருந்தது. மாத்திரைக்கு அன்றிலிருந்து காசு இல்லை; போன நாளின் கூலிக்கு? பகலில் மட்டும் திறக்கும் மையத்துக்கு வரக் கட்டடத் தொழிலாளி ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார், மேஸ்திரியிடம் பொய்க் காரணமும் சொல்கிறார். வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணி வரை ஜன்னலைத் திறந்து வையுங்கள். உடல்நிலை சீராக இருப்பவருக்கு மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்தனுப்புங்கள்.