ஊசியா, பஞ்சா?

அக்கா மகனுக்கு 24 வயது. ஆட்டிசம் உள்ளவன். வாய்ப்பேச்சு குறைவு, சொல்ல வேண்டியதைச் செல்போனில் தட்டிக் காட்டுவான். போன வருடம் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தோம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு பெயரைக் கூப்பிட்டார்கள். செவிலியர் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை அவன் கையில் வைத்ததுதான் தாமதம், நாற்காலியோடு பின்னால் போனான். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஊசி ஏறியது. அப்போது அவன் இம்மிகூட அசையவில்லை. "பாத்தீங்களா, இந்தப் பிள்ளைங்களுக்கு வலி தெரியாதும்மா. இதெல்லாம் சும்மா அடம்" என்றார் செவிலியர், அக்காவைப் பார்த்து. அவனிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் போனை என் பக்கம் நீட்டினான். "ஊசி பரவால்ல சித்தி. பஞ்சுதான் எரிஞ்சுது."

24 வருடம் வளர்த்த அக்காவுக்கே அது புதுச் செய்தி. ஆட்டிசம் பற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி வெளியே நின்று பார்த்தவர்கள் எழுதி வைத்தது. உள்ளே இருப்பவர்களைக் கேட்கத் தொடங்கிய பிறகு எது நின்றது, எது விழுந்தது என்று பார்க்கலாம். முதலில் அந்தச் செவிலியர் சொன்னது.

"இவங்களுக்கு வலி தெரியாது"

தெரியும். சிலருக்கு நம்மைவிடக் கூடுதலாகவே தெரியும். டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்குச் சூடு முதலிய தூண்டல்களைக் கொடுத்து அளந்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். மற்றவர்களைவிட அவர்கள் வலியைத் தீவிரமாக உணர்ந்திருந்தார்கள்.

வேறுபடுவது வலியைக் காட்டும் விதம். முகம் சுளிக்காமல் இருக்கலாம், சிரிக்கக்கூடச் செய்யலாம். பல்வலிக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொள்ளாமல் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம். பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, வயிற்றில் எங்கோ பிசைவது என உடம்புக்குள்ளிருந்து வரும் சேதிகளைப் பிரித்தறிவதே பலருக்குச் சிரமம். "ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள வலி எவ்வளவு?" என்று டாக்டர் கேட்டால், "எதோடு ஒப்பிட்டு?" என்ற யோசனையிலேயே நேரம் போய்விடுகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். நியாயமான சந்தேகம்தான். அந்தக் கேள்விக்கு எனக்கும் இன்றுவரை ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது.

இந்த நம்பிக்கை வெறும் அறியாமையாக இருந்தால் விட்டுவிடலாம். அது உயிரோடு விளையாடுகிறது. திடீரென்று கத்துகிறான், கடிக்கிறான், தூங்குவதில்லை என்று கூட்டிப்போனால், "ஆட்டிசம்னா அப்படித்தான்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். காரணம் காதில் சீழாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், சொத்தைப் பல்லாக இருக்கலாம். யாரும் வாயைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

பிரிட்டனில் ஆலிவர் மெக்கோவன் என்ற 18 வயது இளைஞர் 2016-ல் இறந்ததும் இப்படி ஒரு தவறால்தான். ஆட்டிசத்தோடு வலிப்பும் இருந்தது. வலிப்புக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரின் தவிப்பை அடக்க மனநோய்க்கான மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். முன்பு அந்த வகை மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, வேண்டாம் என்று அவரும் சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள். கேட்கவில்லை. அது தவிர்த்திருக்கக்கூடிய சாவாக இருந்திருக்கலாம் என்று 2020-ல் தனி ஆய்வறிக்கை சொன்னது. 2022-ல் வந்த சட்டத்தால் இங்கிலாந்தின் மருத்துவ, பராமரிப்பு நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு பற்றிய பயிற்சி கட்டாயமானது. அந்த ஊழியர்களுக்காக உருவான பயிற்சிக்கு ஆலிவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதில் பாடம் எடுப்பவர்களில் ஆட்டிசம் உள்ளவர்களும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வகுப்பின் முன்னால் நின்று, "எனக்கு வலித்தால் நான் இப்படி இருப்பேன்" என்று ஒருவர் தன் வாயால் சொல்வது பாடநூலில் தேடினாலும் கிடைக்காது.

"தன்னுலகத்தில் மூழ்கியவர்கள்; அடுத்தவர் மனசு புரியாது"

இதற்கு நம் மொழியே சாட்சி சொல்ல நிற்கிறது. நம் அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்குப் பெயர் 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்'. நோயின் பெயரா, தீர்ப்பா என்று தெரியாத அளவுக்கு ஒரு சொற்றொடர். புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வந்து இரைச்சல் போடுகிறது என்பதுதான் ஆட்டிசம் உள்ள பலர் சொல்லும் புகார். டியூப்லைட்டின் ரீங்காரம், பக்கத்து மேசைப் பேச்சு, சட்டைக் காலரின் லேபிள் எல்லாம் ஒரே சத்தத்தில் கேட்கிறதாம். ஆங்கிலச் சொல்லும் குற்றமற்றதல்ல. 'தான்' என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. 1943-ல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் அந்தச் சொல்லை எடுத்தாண்டார், அது ஒட்டிக்கொண்டது.

பரிவில்லாதவர்கள் என்ற கூற்றைத் தலைகீழாகத் திருப்பியவர் டேமியன் மில்டன். சமூகவியலாளர், ஆட்டிசம் உள்ளவர், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தகப்பனும்கூட. 2012-ல் அவர் கேட்டதன் சாரம் இது: எனக்கு உங்களைப் புரியவில்லை என்றால் அது என் குறை, உங்களுக்கு என்னைப் புரியவில்லை என்றால் அதுவும் எப்படி என் குறையாகும்? புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்றார். அது வாதம்தானே என்று ஒதுக்க முடியாதபடி 2020-ல் கேத்தரின் கிராம்டன் குழு ஒரு சோதனை செய்து பார்த்தது. நாம் சின்ன வயதில் காதோடு காதாகச் சேதி சொல்லி விளையாடுவோமே, அதேதான். 72 பேரை எட்டெட்டுப் பேராகப் பிரித்து ஒருவர் காதிலிருந்து அடுத்தவருக்கு ஒரு கதையைக் கடத்தச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை மற்றவர்களின் வரிசையில் போய்ச் சேர்ந்த அளவுக்கே சேர்ந்தது. இரு வகையினரும் கலந்த வரிசையில்தான் வேகமாகத் தேய்ந்தது.

எனக்கென்னவோ இந்தச் சோதனையைப் படித்தபோது ஆட்டிசத்தைவிட மாமியார் மருமகள் பேச்சுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

"பார்த்தா அப்படித் தெரியலையே"

பாராட்டாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள், வேலைக்குப் போகிறாள், அவளுக்கா? தெரியாமல் இருக்க அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்பது கணக்கில் வருவதில்லை. பேசுவதற்கு முன் மனசுக்குள் ஒத்திகை பார்ப்பது, கை அசைவை அடக்குவது, எத்தனை நொடி கண்ணைப் பார்க்க வேண்டும் என்று எண்ணுவது. முகமூடி போடுவது என்பார்கள். பெண்கள் இதில் கூடுதலாகத் தேர்ந்துவிடுவதும் அவர்களுக்கு ஆட்டிசம் என்று தாமதமாகக் கண்டறியப்படுவதற்கு ஒரு காரணம்.

பல வருடம் இப்படி ஓட்டியபின் ஒருநாள் எல்லாம் நின்றுபோகிறது. சமைக்க முடிவதில்லை, பேச்சு வருவதில்லை, முன்பு தாங்கிய சத்தத்தைத் தாங்க முடிவதில்லை. மாதக்கணக்கில் நீள்கிறது. மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார்கள்; ஆட்டிசம் உள்ளவர்களோ, "இது அது இல்லை" என்று தங்களுக்குள் வேறு பெயர் வைத்துப் பல காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள டோரா ரேமேக்கரும் மருத்துவர் கிறிஸ்டினா நிகோலைடிஸும் சேர்ந்து 2006-ல் தொடங்கிய 'ஆஸ்பயர்' ஆய்வுக்கூட்டணி, அந்தப் பேச்சை 2020-ல் மருத்துவ இலக்கியத்துக்குள் கொண்டுவந்தது. அங்கே ஆட்டிசம் உள்ளவர்கள் ஆராய்ச்சிப் பொருள் அல்ல. கேள்வியை எழுதுவதிலிருந்தே கூட உட்காரும் ஆய்வாளர்கள்.

"கருவியைக் கொடுத்தா பேச்சே வராம போயிடும்"

இதைப் பேச்சுப் பயிற்சியாளர்களே சொல்லி, பிள்ளையின் கையிலிருந்து டேப்லெட்டைப் பிடுங்கிய வீடுகள் எனக்குத் தெரியும். 2006-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, படம், சைகை, கருவி எனப் பேச்சுக்கு மாற்று வழி கொடுக்கப்பட்ட 27 பேரின் நிலையைப் பார்த்தது. ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குக் கூடியிருந்தது. இந்த விஷயத்தில் சென்னைக்குச் சொந்தப் பெருமையே உண்டு. 'ஆவாஸ்' என்ற பேச்சு உதவிக் கருவி இங்கேதான் அஜித் நாராயணன் குழுவால் உருவானது. இன்று அது செயலி, தமிழும் பேசும்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பேசாத பிள்ளையின் கையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு எழுத்துகளைத் தட்டவைக்கும் முறை ஒன்று உண்டு. 1990-களில் அதைச் சோதித்தபோது, வந்த வார்த்தைகள் பிள்ளையுடையவை அல்ல, பிடித்தவருடையவை என்று தெரிந்தது. அனுபவக் குரலைக் கேட்கிறோம் என்ற ஆர்வத்தில் நம் குரலையே கேட்டுவிடும் ஆபத்து இது. அவன் விரல் அவனுடையதாக இருக்க வேண்டும்.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற நம்பிக்கைக்கு நான்கே வரி போதும். இரண்டையும் கோத்துவிட்டது 12 குழந்தைகளை வைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998-ல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை. 2010-ல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது, அவர் மருத்துவர் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019-ல் வந்த ஆய்வில் எந்தத் தொடர்பும் இல்லை. நம் ஊரில் அதைவிடப் பெரிய கொள்ளை, 'ஸ்டெம் செல் போட்டா சரியாயிடும்' என்பது. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கக் கூடாது, பரிந்துரைத்தால் தொழில் ஒழுக்க மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-லேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்.

"ஆஸ்பத்திரின்னாலே அடம்"

மேரி டொஹெர்ட்டி அயர்லாந்துக்காரர், மயக்கவியல் மருத்துவர், ஆட்டிசம் உள்ளவர். அவரைப் போன்ற டாக்டர்களுக்காக 2019-ல் ஒரு பன்னாட்டுக் குழுவையும் தொடங்கினார். மருத்துவம் பார்ப்பவராகவும் பார்த்துக்கொள்பவராகவும் இருப்பதால் அவருக்குக் கேட்க வேண்டிய கேள்வி தெரிந்திருந்தது. 2022-ல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், குடும்ப மருத்துவரிடம் போவதே சிரமம் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் 80 விழுக்காட்டினர் சொன்னார்கள். மற்றவர்களில் 37 விழுக்காடு. காரணங்களைப் பாருங்கள். இந்த உபாதைக்கு டாக்டரிடம் போக வேண்டுமா என்று முடிவெடுக்கத் தெரியாமை 72 விழுக்காடு. போனில் பேசி நேரம் வாங்குவது 62. டாக்டர் நம்மைப் புரிந்துகொள்ள மாட்டார் என்ற உணர்வு 56. காத்திருக்கும் அறை 51.

இதில் எதற்கும் புது மருந்து வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் நேரம் கொடுக்கலாம், வெளியே மரத்தடியில் நிற்கவைத்துக் கூப்பிடலாம். "அடுத்து இதைச் செய்யப்போறேன்" என்று செய்வதற்கு முன்பே சொல்லலாம். கேள்வி கேட்டபின் பத்து நொடி வாயை மூடிக்கொண்டிருக்கலாம், இதுதான் கடினம் போலிருக்கிறது. பணப் பக்கத்துக்கு, தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவும். ஆட்டிசம் உள்ளவர்கள் அதில் சேரலாம். ஆனால் மரத்தடிக்குக் காப்பீடு தேவையில்லை.

இந்த முறை பரிசோதனை நாள் வந்தபோது வேறு ஆய்வகத்துக்கு அக்கா முந்தின நாளே போன் செய்து, காலை ஆறரைக்கு முதல் ஆளாக வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். நாற்காலியின் படம் ஒன்று கேட்டாள். அங்கிருந்த பெண் சிரித்தாலும் அனுப்பிவிட்டார். ராத்திரி முழுக்க அவன் அந்தப் படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பான். மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்ததும் போனில் தட்டி அந்தப் பெண்ணிடமே காட்டினான்.

"பஞ்ச நானே தேச்சுக்கவா?"

அவர் ஒரு நொடி எங்களைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, "இந்தாங்க தம்பி, இங்கேருந்து இங்க வரைக்கும்" என்று இடத்தைக் காட்டிவிட்டுப் பஞ்சை அவன் கையில் கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தான். ஸ்பிரிட் காயும் வரை கையில் ஊதிக்கொண்டே இருந்தான். பிறகு கையை நீட்டினான்.